அதிகாரங்கள் முடிகின்றன, மனம் நிறையவில்லை

வாசகர் கேள்வி:

ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 43. திருமங்கலத்தில் குடியிருக்கிறோம். மதுரையில் ஓர் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஓராண்டில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணைப்படி, நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று நான்கு அதிகாரங்கள் வாசித்து, அரைமணி நேரம் ஜெபிக்கிறேன். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் செல்பேசியில் தேவசெய்தி கேட்கிறேன். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. இத்தனை செய்தும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமாகிய கடந்த லெந்து காலத்திலிருந்து மனம் வறண்டு கிடக்கிறது. வாசித்தது அடுத்த நிமிடமே நினைவில் இல்லை. ஜெபத்தில் வழக்கமான வார்த்தைகளே வருகின்றன. எழ முடியாமல் போன நாளில் குற்றவுணர்வு மாலைவரை வதைக்கிறது. அப்பா இறந்தபின் அண்ணன் கேட்டதற்காக, சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீட்டையும் நிலத்தையும் விற்கமாட்டேன் என்று சொன்னவர் விற்றுவிட்டார். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அது வேறு விஷயம். இரண்டு மாதமாக நற்கருணைக்கும் போகவில்லை. கடைசியாகப் போன ஆராதனையில் சமாதானம் கூறும் நேரத்தில் மதினி கையை நீட்டியபோது, பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். மனம் நிறையும்படி நாள்தோறும் நான் என்ன செய்ய வேண்டும்? பின்குறிப்பு: பிள்ளைகள் புதிய மொழிபெயர்ப்பில் வாசிக்க விரும்புகிறார்கள். அனுமதிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"அது வேறு விஷயம்" என்று நீங்கள் தள்ளிவைத்த இடத்திலிருந்தே என் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது. வாசிப்பைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும் நீங்கள் எழுதியுள்ள வரிகள் பள்ளி வருகைப் பதிவேட்டைப்போல் ஒழுங்காக இருக்கின்றன. மதினி நீட்டிய கையைப் பார்த்துப் பைக்குள் குனிந்துகொண்டதை எழுதிய ஒரே வரியில்தான் வலி தெரிகிறது. லெந்து காலத்திலிருந்து வறட்சி என்கிறீர்கள். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த தேதி, சொத்து விற்கப்பட்ட செய்தி உங்கள் காதுக்கு வந்த தேதி, வாசிப்பில் ருசி போன காலம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆயினும், ஆற்றுப்படுத்தும் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டிருப்பது இது: "ஜெபிக்க முடியவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜெபத்தில் சோம்பல் உள்ளவர்கள் அல்லர், ஜெபத்துக்குள் கொண்டுவரத் துணியாத ஒன்றை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருகிறவர்கள்.

உங்களை ஒன்று கேட்கிறேன். அண்ணன் வாக்குத் தவறியதை முன்பின் அறியாத எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடவுளிடம் சொல்லியிருக்கிறீர்களா? "அண்ணன் குடும்பத்தையும் ஆசீர்வதியும்" என்று இரவு ஜெபத்தில் பொதுவாகச் சொல்லி முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெருவிரல் ரேகை வைத்தபோது அண்ணன் என்ன சொன்னார், விற்ற செய்தியை யார் வாயிலாகக் கேள்விப்பட்டீர்கள், அன்று இரவு என்ன நினைத்தீர்கள், அவருக்கு என்ன நேர வேண்டுமென்று மனம் ஆசைப்பட்டது என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்வதைத்தான் கேட்கிறேன். அதைச் சொல்லாத வரையில், காலை ஐந்து மணிக்கு எழுந்து கடவுளுக்கு எதிரே உட்காருகிறவர் நீங்கள் அல்லர். நல்ல கிறிஸ்தவப் பெண் எப்படி இருக்க வேண்டுமென்று நீங்கள் நினைக்கிறீர்களோ அந்த ஒருவர்தான் உட்காருகிறார். அவருக்குப் பசியும் இல்லை, அவர் மனம் நிறையப்போவதும் இல்லை.

இதைச் சொல்வதற்கு வேதாகமத்தில் இடமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 55-ஆம் சங்கீதத்தை எடுங்கள். "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்" என்ற வசனம் இந்தச் சங்கீதத்தின் 22-ஆம் வசனம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும் வீட்டுக் கூடத்தில் தொங்கும் நாட்காட்டிகளிலும் இது தவறாமல் இருக்கும். ஆனால் எந்தப் பாரத்தைப் பற்றி இந்தப் பாட்டு பேசுகிறது என்று அட்டையில் அச்சிடுவதில்லை. பத்து வசனம் முன்னே போனால், "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்று தொடங்கி, "எனக்குச் சமமான மனுஷனும், என் வழிகாட்டியும், என் தோழனுமாகிய நீயே அவன்" என்று சங்கீதக்காரன் நேருக்கு நேர் குற்றஞ்சாட்டுகிறான். அதற்கு அடுத்த வசனத்தில் இருவரும் கூட்டத்தோடு தேவாலயத்துக்குச் சேர்ந்து போன நாள்களை நினைத்துக்கொள்கிறான். ஒரே ஆலயத்தில், ஒரே ஆராதனையில், ஆண்கள் பக்கத்தில் அண்ணனும் பெண்கள் பக்கத்தில் நீங்களுமாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஜெபத்தை என்னால் எழுதித் தர முடியாது. புறாவைப்போல் சிறகுகள் இருந்தால் பறந்துபோய் இளைப்பாறுவேன் என்று அவன் ஏங்குவதும் இதே சங்கீதத்தில்தான். நற்கருணைக்குப் போகாமல் நின்றுவிட்டதில் உங்களுக்குக் கிடைத்த இளைப்பாறுதல் அப்படிப்பட்டதாகவே இருந்திருக்கும்.

15-ஆம் வசனம் வரும்போது நீங்கள் திடுக்கிடுவீர்கள். அங்கே அவன் சபிக்கிறான். "இதை நான் ஜெபமாகச் சொல்லலாமா?" என்று பலர் கேட்பதுண்டு. கோபத்தைக் கடவுளிடம் சொல்லாதவர்கள் வேறு யாரிடமாவது சொல்லியே தீருகிறார்கள். பெரும்பாலும் அது பிள்ளைகள்மேல் எரிச்சலாகவோ, குற்றமே செய்யாத மதினியிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதாகவோ வெளியே வருகிறது. சபிக்கும் வசனங்கள் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையைக் கற்றுக்கொடுக்க வரவில்லை. தீர்ப்பைத் தன் கையிலிருந்து இறக்கி, அதைக் கொடுக்க உரிமையுள்ளவரின் கையில் வைப்பதற்கு ஒருவன் பட்ட பாடு அங்கே பதிவாகியிருக்கிறது. வாசியுங்கள். வாசிக்க மனம் ஒப்பாவிட்டால் அங்கே நிறுத்தி, ஒப்பவில்லை என்பதையே சொல்லுங்கள்.

இனி உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். நம் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. ஓராண்டில் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு மூன்று, சில நாள்களில் நான்கு அதிகாரங்கள் வாசித்தாக வேண்டும். இதைக் குறைசொல்ல நான் வரவில்லை. முழு வேதத்தையும் ஒருமுறையாவது வரிசையாகப் படித்தவருக்கு, பின்னாளில் ஒரு வசனத்தைக் கேட்கும்போது அது நிற்கும் இடம் தெரியும். நீங்கள் அந்த நன்மையைப் பெற்றுவிட்டீர்கள். ஆனால் இத்தகைய அட்டவணைகளில் புகழ்பெற்ற ஒன்றை 1842-இல் தம் சபைக்காகத் தயாரித்த, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின், அட்டவணைக்கு முன்னுரையாக அதன் ஆபத்துகளைத்தான் முதலில் எழுதினார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமின்றிக் கண் ஓடலாம், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகலாம் என்று. உங்கள் கடிதத்தில் இவற்றில் மூன்று இருக்கின்றன. சுயநீதி மட்டும் இல்லை, அதன் இடத்தில் குற்றவுணர்வு இருக்கிறது. ஆகையால் அடுத்த ஆறு வாரங்களுக்கு அட்டவணையை மடித்து வைத்துவிடுங்கள். விட்டுப்போன நாள்களைச் சேர்த்து வாசித்து ஈடுகட்டவும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக என்ன செய்வது? 55-ஆம் சங்கீதமே ஒரு முறையைத் தருகிறது: "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன், அவர் என் சத்தத்தைக் கேட்பார்." மாலை, காலை, நடுப்பகல் என மூன்று வேளை. தானியேல் நாளுக்கு மூன்று தரம் பலகணி திறந்து ஜெபித்ததும் இந்த வழக்கத்தின்படிதான். மூன்று வேளையும் சேர்ந்து அரைமணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் செலவிடும் நேரத்தைவிட இது குறைவு என்பதால் தயங்காதீர்கள்.

காலையில் ஐந்து மணிதான் என்ற கட்டாயம் வேண்டாம். இயேசு அதிகாலையில் எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதியிருப்பதை நம் ஊர்ப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம்பண்ண வெளியில் போனதைச் சொல்லும் பிரசங்கத்தை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். ஐந்தரைக்கு எழுந்தாலும், அடுப்பைப் பற்றவைக்கும் முன் பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்காருங்கள். இடம் மாறாமல் இருப்பது நேரம் மாறாமல் இருப்பதைவிட முக்கியம். செல்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அச்சிட்ட வேதாகமத்தையே எடுங்கள். முதல் வாரம் முழுவதும் 55-ஆம் சங்கீதம் மட்டுமே. வாய்க்குள் முணுமுணுக்கும் அளவிலாவது சத்தம் வரட்டும். கண்ணால் மட்டும் வாசித்தால் உங்களைப்போல் பல ஆண்டுகள் வாசித்துப் பழகியவருக்கு வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். நிதானமாக வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். எந்த வரியில் தொண்டை அடைக்கிறதோ, அல்லது எரிச்சல் வருகிறதோ, அங்கே நிறுத்துங்கள். மிச்சத்தை நாளைக்கு வாசிக்கலாம். நிறுத்திய இடத்தில், அந்த வரி உங்களுக்குள் எதைத் தொட்டதோ அதைச் சொல்லுங்கள்.

சொல்லும்போது உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். நாம் பிறர் முன்னால் ஜெபிக்கக் கற்றுக்கொண்டவர்கள். ஓய்வுநாள் பாடசாலையிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வீட்டுக் கூட்டங்களிலும் ஒருவர் ஜெபித்ததைக் கேட்டு மற்றவர் ஜெபித்துப் பழகியதில், நமக்கென்று ஓர் அழகான மேடை நடை அமைந்துவிட்டது. "நன்றியுள்ள இருதயத்தோடு உமது சமூகத்திலே" என்று வாய் தொடங்கிவிட்டால், மனம் வேலைக்குப் போய்விட்டாலும் ஜெபம் தன் பாட்டுக்கு ஐந்து நிமிடம் ஓடும். சபையில் அந்த நடைக்குரிய மதிப்பு உண்டு. தனியறையில், "அண்ணன் என்னைய ஏமாத்திட்டாரு ஆண்டவரே, எனக்கு அவரு மொகத்துல முழிக்கப் பிடிக்கல" என்று சொல்ல முடிந்த அன்றைக்கு, நீங்கள் எழுதிய வழக்கமான வார்த்தைகளின் தொல்லை ஒழிந்துவிடும். சொல்லி முடித்ததும் இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். பதில் கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

நடுப்பகல் வேளைக்கு ஒரே ஒரு வரி போதும். 5-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் கற்றதை எழுதிவைத்த யோவான் காசியான், 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை, அதாவது தேவன் விரைந்து வந்து உதவ வேண்டும் என்று கேட்கும் அந்த ஒற்றை வரியை, எந்த வேலையின் நடுவிலும் சொல்லிக்கொண்டே இருக்கும்படி அவர்கள் பழக்கியதை விவரிக்கிறார். கிழக்கத்திய திருச்சபையில் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்பதை இவ்வாறே மூச்சோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. உங்களுக்கு 55-ஆம் சங்கீதத்திலிருந்தே ஒரு வரியைத் தேர்ந்துகொள்ளுங்கள். மதிய உணவு மணி அடித்ததும், ஆசிரியர் அறைக்குப் போகும் வழியில், ஐந்தாறு முறை அதைச் சொல்வதே உங்கள் நடுப்பகல் ஜெபம்.

பேருந்தில் கேட்கும் தேவசெய்திகளைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். திருமங்கலத்தில் ஏறிப் பெரியார் நிலையத்தில் இறங்குவதற்குள் ஒன்று, திரும்பும்போது ஒன்று என்றால், வாரத்துக்குப் பத்துப் பிரசங்கங்கள் ஆகின்றன. எந்தப் போதகரும் தம் சபைக்கு அத்தனை கொடுப்பதில்லை. ஒவ்வொரு பிரசங்கியாரும் உங்களிடம் ஏதாவது ஒரு தீர்மானத்தைக் கேட்கிறார். ஒருவர் உபவாசிக்கச் சொல்கிறார், ஒருவர் துதிக்கச் சொல்கிறார், ஒருவர் மன்னிக்காதவனுடைய ஜெபம் கூரையைத் தாண்டாது என்று பயமுறுத்துகிறார். நிறைவேற்ற முடியாத பத்துத் தீர்மானங்களோடு சனிக்கிழமைக்கு வருகிறீர்கள். ஆறு வாரங்களுக்குச் செவிப்பேசியைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். காலைப் பயணத்தில் கப்பலூர், திருநகர், பசுமலை என்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தாலே போதும். முதல் சில நாள்கள் அந்த அமைதியில் அண்ணனோடு மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டுதான் போவீர்கள். அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவு நாளும் பிரசங்கம் கேட்டீர்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அந்தச் சண்டையை அடக்காதீர்கள். மறுநாள் காலை ஜெபத்துக்கு வேண்டியது அதில் இருக்கும்.

இரவில், குடும்ப ஜெபம் முடிந்து எல்லாரும் படுத்தபின், ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் வகுத்த முறை இது. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு அது அச்சேறியது. "அது ஆர்.சி.க்காரர்களுடையது அல்லவா" என்று உங்கள் மாமியார் கேட்கக்கூடும். 1606-இல் மதுரைக்கு வந்து குடியேறிய ராபர்ட் தெ நொபிலியும், 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த அருளானந்தரும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்களே. அமெரிக்க மிஷன் வருவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் மாவட்டத்தில் இப்படி ஜெபித்தவர்கள் இருந்தார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். இஞ்ஞாசியார் பாவங்களைக் கணக்கிடுவதில் தொடங்கவில்லை, நன்றி சொல்வதில் தொடங்குகிறார். உங்களைப்போல் குற்றவுணர்வு மிகுந்தவர்களுக்கு இந்த வரிசை முக்கியம். காலை எழுந்ததிலிருந்து நடந்தவற்றை மெல்ல நினைத்துக்கொண்டு வாருங்கள். நெரிசலில் யாரோ நகர்ந்து இடம் கொடுத்திருப்பார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் முதன்முறையாகக் கணக்கைச் சரியாகப் போட்டிருப்பான். பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். அதன் பிறகு, எந்த நேரத்தில் மனம் சுருங்கியது என்று பாருங்கள். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். நாளைக்கு ஒன்றே ஒன்றுக்கு உதவி கேட்டு முடித்துத் தூங்கப் போங்கள்.

குடும்ப ஜெபத்தை இருக்கிறபடியே விட்டுவிடுங்கள், நீளத்தை மட்டும் குறையுங்கள். ஒரு கீர்த்தனை பாடிக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னால்கூடப் போதும். பாடுவதை ஒருபோதும் விடாதீர்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோரின் கீர்த்தனைகளை மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1850-களில் தொகுத்து அச்சிட்டபின், அவை நம் பகுதிச் சபைகளில் வேரூன்றின. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமாருக்கு இறையியல் தெரிந்திருந்ததென்றால் அவற்றைப் பாடியே தெரிந்திருந்தது. மனம் வறண்டிருக்கும் நாளில் சொந்த வார்த்தை வராவிட்டாலும் பாட்டு வரும்.

ஆறு வாரங்களுக்குள் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் வாரத்தில் "இதுவும் பயனில்லை, பழைய அட்டவணைக்கே போய்விடலாம்" என்று தோன்றும். மனம் சோர்ந்திருக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியார் வகுத்த விதிகளில் ஒன்று. சோர்வு வரும் நாளில் குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே உட்கார்ந்திருக்கவும் அவர் சொல்கிறார். இரண்டாம் வாரத்துக்கு 13-ஆம் சங்கீதத்தையும், மூன்றாம் வாரத்துக்கு 88-ஆம் சங்கீதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்டுத் தொடங்கித் துதியில் முடிகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதில் ஆறுதலான திருப்பம் ஒன்றுமில்லை. அப்படி ஒன்றையும் விசுவாசிகளின் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. நான்காம் வாரத்திலிருந்து 62, 63, 131 என்று போகலாம்.

மனம் நிறைவது என்றால் நெகிழ்ந்து கண்ணீர் வருவது என்று நீங்கள் எண்ணியிருந்தால், அந்த 131-ஆம் சங்கீதத்தில் சற்று நில்லுங்கள். மூன்றே வசனங்கள் கொண்ட அதில், தாயின் பால்மறந்த குழந்தையைப்போல் என் ஆத்துமா இருக்கிறது என்று வருகிறது. பால் குடிக்கும் குழந்தை தாயின் மடிக்கு வந்ததும் எதையோ தேடித் தவிக்கும். பால் மறந்த குழந்தைக்கு மடியில் இருப்பதே போதுமானதாக இருக்கும். ஜெபித்து எழுந்தபோது ஒன்றும் உணரவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதில் எதையும் ஒளிக்கவில்லை என்ற நிலை வாய்த்தால், அது அந்த நிறைவுக்கு மிக அருகில் இருக்கிறது.

நற்கருணைக்கு வருகிறேன். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை நினைத்தே நீங்கள் விலகியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே சொல்லப்படுவது, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டானால் என்று. உங்கள் நிலைமை 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்பது. ஆகவே நீங்கள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. என்றைக்காவது, வீட்டு விசேஷமோ துக்க காரியமோ இல்லாத ஒரு சாதாரண நாளில், அண்ணனிடம் தனியாக, "நீங்கள் எனக்குக் கொடுத்த வாக்கை மீறினீர்கள், அது என்னை உடைத்துவிட்டது" என்று சொல்லலாம். அவர் கேட்பார் என்று என்னால் உறுதி தர முடியாது. நான்காம் அல்லது ஐந்தாம் வாரத்துக்கு முன் இதைச் செய்ய வேண்டாம். கடவுளிடம் கொட்டித் தீர்க்காத கோபத்தோடு போனால் பேச்சு சண்டையாகிவிடும். மாற்கு 11-ஆம் அதிகாரத்தில், நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்பேரில் குறை இருந்தால் மன்னியுங்கள் என்று இயேசு சொல்வதில் அண்ணன் அங்கே இருக்க வேண்டிய தேவையில்லை. அது ஒரே நாளில் நடந்து முடிவதுமில்லை. மூன்று வேளை ஜெபத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாக நடக்க வேண்டியது.

இதற்கிடையில் நற்கருணைக்குப் போங்கள். முடிந்தால் அதற்கு முன் உங்கள் குருவானவரைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். 1950-இல் தென்னிந்தியத் திருச்சபை வகுத்த ஆராதனை முறைமையில், நற்கருணைக்கு முன் சபையார் ஒருவர் கையில் ஒருவர் சமாதானத்தைக் கொடுத்து வாங்கும் பழக்கத்தைச் சேர்த்தார்கள். அந்தச் சமாதானம் பீடத்திலிருந்து புறப்பட்டு வரிசையாகக் கைமாறி வருகிறது. மதினியின் கையில் இருந்தது மதினியுடையது அல்ல, அண்ணனுடையதும் அல்ல. சொத்து விற்ற கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை வாங்கிக்கொண்டதனால் நீங்கள் எதையும் விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது.

சொத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் பிள்ளைகள் என்ற முறையில் சம பங்கு உண்டு. நீங்கள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தின் நிலை என்ன என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் தெரிந்துகொள்வது அவிசுவாசம் ஆகாது. வழக்குப் போடுவதா வேண்டாமா என்ற முடிவை, கோபம் தணிந்தபின் உங்கள் கணவரோடு கலந்து எடுங்கள்.

இன்னொன்றையும் நான் கேட்டே ஆக வேண்டும். இரவில் தூக்கம் வருகிறதா? பசி இருக்கிறதா? முன்பு பிடித்திருந்த வேலைகளிலும் ருசி போய்விட்டதா? செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா? இவற்றில் ஒன்றிரண்டு சில வாரங்களாகத் தொடர்ந்தால், அதை ஜெபக் குறைவென்று எண்ணி உபவாசத்தைக் கூட்டிக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம். அந்தக் கடைசி எண்ணம் இருந்தால் ஆறு வாரம் காத்திருக்காமல் இன்றே பேசுங்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டே சங்கீதமும் வாசிக்கலாம்.

உங்கள் பின்குறிப்புக்கு: பிள்ளைகள் புதிய மொழிபெயர்ப்பில் தாராளமாக வாசிக்கட்டும். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் சங்கீதங்கள் திருப்பாடல்கள் என்ற பெயரில் இருக்கும், எண்ணிக்கை 150-தான். மனப்பாடம் செய்வதற்கு மட்டும், ஆலயத்தில் அவர்கள் காதில் விழும் பழைய மொழிபெயர்ப்பிலேயே 23-ஐயும் 121-ஐயும் கற்றுக்கொடுங்கள். பெரியவளுக்குப் பாட்டு வருமானால் கீர்த்தனைப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, இரவு ஜெபத்துக்கு எந்தப் பாட்டு என்பதை அவளே முடிவு செய்யட்டும்.